நீலியின் கண்ணீரும் எழுபதின்மர் வாக்கும்

‘நீலிக்கண்ணீர்’ என்னும் தொடரை அறியாத தமிழர் இலர். பொம்மை வேண்டி அழும் குழந்தையைத் தாய் இத்தொடரால் கடிந்துகொள்கிறாள். மேடையில் உருகிப் பேசும் தலைவரை மாற்றுக் கட்சியார் இத்தொடராலேயே சுடுகின்றனர். தலைநகரில் பிறந்து, இந்தியிலும் ஆங்கிலத்திலும் பயின்று, தமிழை வீட்டுமொழியாக மட்டுமே கொண்டு வளரும் நம் பிள்ளைகளின் நாவிலும் இத்தொடர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆயின் நீலி யார், எந்த அவையில் அழுதாள், எதன் பொருட்டு அழுதாள் என்று வினவினால் பெரியவர்களாகிய நாமே தயங்குகிறோம்.

கதை மறைந்து சொல் மட்டும் எஞ்சுவது மொழியில் புதிதன்று. ஆனால் இங்கே எஞ்சிய சொல், கதையின் பாதியை மட்டுமே நினைவில் வைத்திருக்கிறது. அழுதவள் பொய்யள் என்பது அப்பாதி. அவள் ஏன் பேயானாள் என்பதும், அவளை நம்பியவர்கள் என்ன ஆனார்கள் என்பதும் மறுபாதி. தமிழில் வழங்கும் பேய்க்கதைகளுள் மிகப் பழமையானதும் மிகுதியாகப் பேசப்பட்டதுமான இக்கதை ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக வாழ்ந்துவருவதற்கு அந்த மறுபாதியே காரணம் என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கதை

நீலி கதைக்கு வடிவங்கள் பல. தொண்டை நாட்டில் பரவலாக வழங்கும் வடிவத்தை முதலில் காண்போம்.

காஞ்சி நகரத்து அந்தணன் ஒருவன் காசிக்கு யாத்திரை சென்றான். ஊரில் மனைவி இருப்பதை மறைத்து அங்கே ஒரு பெண்ணை மணந்தான். அவளோடும் அவள் உடன்பிறந்தானோடும் தெற்கே திரும்பினான். காஞ்சியை நெருங்க நெருங்க முதல் மனைவியைப் பற்றிய அச்சம் அவனைப் பற்றிக்கொண்டது. திருவாலங்காட்டுக்கு அருகே காசிப் பெண்ணைக் கொன்றான். அவள் உடன்பிறந்தானும் மாண்டான். கண்டவர் எவரும் இலர். ஆகவே வழக்கும் எழவில்லை.

மறுபிறப்பில் அந்தணன் வணிகனாகப் பிறந்தான். கொலையுண்டவள் நீலி என்னும் பேயாய்ப் பழி தீர்க்கக் காத்திருந்தாள். பேயால் தனக்குக் கேடு நேரும் என்று அறிந்திருந்த வணிகன் மந்திர வாள் ஒன்றைக் கைவிடாது வைத்திருந்தான். அவ்வாள் இருக்கும்வரை நீலியால் அவனை நெருங்க இயலவில்லை. ஒருநாள் அவன் பழையனூர் வழியே சென்றபோது, நீலி அவன் மனைவியின் உருவம் கொண்டாள், கள்ளிக்கொம்பு ஒன்றை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள், பின்தொடர்ந்தாள். அஞ்சிய வணிகன் பழையனூர் வேளாளர் எழுபதின்மர் கூடியிருந்த அவையில் புகுந்து அடைக்கலம் கேட்டான்.

நீலியும் அவையேறினாள். தன்னையும் குழந்தையையும் கணவன் கைவிட்டு ஓடுவதாகக் கூறி அழுதாள். இறக்கிவிட்ட குழந்தை ‘அப்பா’ என்று வணிகனை நோக்கிச் சென்றது. அவையோர் மனம் இளகியது. அன்றிரவு இருவரையும் ஒரே வீட்டில் தங்குமாறு பணித்தனர். கணவன் கையில் வாள் இருக்கத் தான் எவ்வாறு உடன் தங்குவது என்றாள் நீலி. வாளையும் வாங்கி வைத்தனர். நடுங்கிய வணிகனிடம், “உன் உயிருக்கு எங்கள் எழுபது உயிரும் பிணை” என்று உறுதி கூறினர். விடிந்தபோது வணிகன் உடல் கிழிந்து கிடந்தான். மனைவியும் இல்லை, குழந்தையும் இல்லை. சொன்ன சொல் தவறாத வேளாளர்கள் தீ வளர்த்து அதில் இறங்கினர். வயலில் இருந்த ஒருவர் பின்னர்ச் செய்தி கேட்டு உயிர் நீத்தார் என்றும் கூறுவர்.

தோற்றம்

இக்கதை எப்போது தோன்றியது என்று ஆண்டு குறிக்க இயலாது. எனினும் 7ஆம் நூற்றாண்டில் அது நாடறிந்த செய்தியாக இருந்தது என்பதற்குத் திருஞானசம்பந்தரின் திருவாலங்காட்டுப் பதிகமே சான்று. ஒருத்தி வஞ்சத்தால் ஒருவன் வாணாளைக் கவர்ந்ததையும், அதனைக் கேட்டு அஞ்சும் பழையனூரையும் அவர் ஓரிரு தொடர்களில் சுட்டிச் செல்கிறார். பெயர் கூறவில்லை, நிகழ்ச்சியை விளக்கவும் இல்லை. கேட்போர் அனைவரும் அறிந்த ஒன்றைத்தான் புலவர் இவ்வாறு குறிப்பால் உணர்த்துவர். எனவே கதை பதிகத்தினும் மூத்தது என்று கொள்வது பொருந்தும். 14ஆம் நூற்றாண்டில் உமாபதி சிவம் பாடியதாக வழங்கும் சேக்கிழார் புராணத்தில் நீலியின் பெயரும், வணிகன் உயிரிழந்ததும், எழுபதின்மர் தீப்புகுந்ததும் தெளிவாக இடம்பெறுகின்றன.

பழையனூர் கற்பனை ஊரன்று. இராசேந்திர சோழன் தன் ஆறாம் ஆட்சியாண்டில் பழையனூரைத் திருவாலங்காட்டு இறைவனுக்குக் கொடையாக அளித்ததைத் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் கூறுகின்றன. 1905ஆம் ஆண்டில் கண்டெடுக்கப்பட்ட அச்செப்பேடுகள் சோழர் வரலாற்றுக்கு இன்றியமையாத ஆவணங்கள். தீப்புகுந்த வேளாளர் நினைவாக மண்டபமும், சாட்சி பூதேசுவரர் என்னும் பெயரில் இறைவன் கோயிலும் அப்பகுதியில் உள்ளன. கொலைக்குச் சாட்சி இல்லாத ஒரு கதையின் களத்தில் இறைவனே சாட்சி என்னும் பெயர் பூண்டு நிற்பது எண்ணத்தக்கது.

இதே ஆலங்காடுதான் காரைக்கால் அம்மையாரின் ஊருமாகும். தம்மைக் காரைக்காற்பேய் என்றே கூறிக்கொண்ட அவ்வம்மையாரின் மூத்த திருப்பதிகங்கள் ஆலங்காட்டுச் சுடுகாட்டையும் அங்குத் திரியும் பெண்பேய்களையும் காட்டுகின்றன. நீலியின் கையில் குழந்தையாகும் கள்ளி அங்கேயும் வளர்ந்து நிற்கிறது. அம்மையார் வரலாற்றைச் சேக்கிழார் பாடியவாறு நினைத்துப் பார்ப்போம். அங்கும் கணவன் வணிகன். அவனும் தன் மனைவி மானிடப் பெண் அல்லள் என்று அஞ்சி விலகுகிறான். வேற்றூரில் வேறொருத்தியை மணக்கிறான். சுற்றத்தார் நடுவே மனைவியைக் கண்டதும் அவள் காலில் விழுகிறான். அவளோ பழி நினையாது, தன் அழகைக் களைந்து பேயுருவை வேண்டிப் பெறுகிறாள். கைவிடப்பட்ட மனைவி பேயாகும் கதை இரண்டு வழியாகப் பிரிந்து, ஒன்று பக்தியிலும் மற்றொன்று பழியிலும் சென்று முடிவதை ஒரே மண்ணில் காண்கிறோம். ஒன்றை அறியாமல் மற்றொன்றை முழுதும் உணர்தல் அரிது.

நீலி என்னும் பெயரும் நம்மைப் பின்னோக்கி அழைத்துச் செல்கிறது. சிலப்பதிகாரத்துக் கட்டுரை காதையில், மதுராபதித் தெய்வம் கண்ணகிக்குக் கோவலனது முற்பிறப்பைக் கூறுகிறது. அப்பிறப்பில் பரதன் என்னும் பெயருடைய அவன், சங்கமன் என்னும் வணிகனை ஒற்றன் என்று பொய்யாகக் காட்டிக்கொடுத்துக் கொல்லச் செய்கிறான். சங்கமன் மனைவி பதினான்கு நாள் முறையிட்டுத் திரிந்து, சாபமிட்டு, மலையுச்சியிலிருந்து விழுந்து உயிர் விடுகிறாள். அவள் பெயரும் நீலியே. இருவரும் ஒருவரே என்று சொல்வதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் தமிழிலக்கியத்தில் நீலி என்னும் பெயரோடு அறிமுகமாகும் அந்தப் பெண்ணின் கண்ணீர் பொய்க்கண்ணீர் அன்று என்பதை மறக்கலாகாது.

ஐயம் யாருடையது?

பேய்க்கதைகள் நெடுங்காலம் வாழ்வது அச்சத்தினால் என்று பொதுவாகக் கூறுவர். அச்சம் மட்டும் கதையைக் காக்காது. முதன்முறை நடுங்க வைத்தது மூன்றாம் முறை நகைப்பூட்டும். கதையைக் காப்பது அதில் தீராது நிற்கும் ஐயமே.

அமெரிக்க நாட்டின் புகழ்பெற்ற பேய்க்கதை ஒன்றை ஒப்பிட்டு நோக்கலாம். வாசிங்டன் இர்விங் இங்கிலாந்தில் வாழ்ந்த காலத்தில் எழுதி 1820இல் வெளியிட்ட ‘சிலீப்பி ஆலோ’ கதையில், பீரங்கிக் குண்டால் தலையை இழந்த எசியப் படைவீரன் ஒருவன் இரவில் குதிரையேறித் தலையைத் தேடுவதாக ஊரார் நம்புகின்றனர். வெளியூரிலிருந்து வந்த பள்ளியாசிரியன் இக்கபோடு கிரேன் ஓரிரவு அவ்வுருவால் துரத்தப்பட்டு மறைகிறான். மறுநாள் உடைந்த பூசணிக்காய் ஒன்று கிடக்கிறது. வந்தது பேயா, அவனோடு காதலில் போட்டியிட்ட உள்ளூர் இளைஞனா? கதை முடியும்போது வாசகன் ஒரு குறும்புப் புன்னகையோடு பின்னதையே நம்பத் தலைப்படுகிறான். எனினும் முன்னதை அறவே விடுவதில்லை. ஐரோப்பியர் குடியேறிப் புதிதாய் அமைத்த நாடு ஒன்று, செருமானிய நாட்டுப்புறக் கதைகளின் சாயலை வாங்கித் தனக்கென ஒரு பழமையை ஆக்கிக்கொண்ட வகையும் அதில் தெரிகிறது.

அக்கதையில் ஐயம் வாசகனுடையது. நீலி கதையிலோ வாசகனுக்கு ஐயமே இல்லை. அவள் பேய் என்பதையும் குழந்தை கள்ளிக்கொம்பு என்பதையும் தொடக்கத்திலேயே நாம் அறிவோம். ஐயம் அவையோருடையது. அறிந்த நாம் வாயடைத்து நிற்க, அறியாத எழுபது நல்லவர்கள் தீர்ப்பு வழங்குகின்றனர். இக்கதையின் உண்மையான அச்சம் இங்கேதான் இருக்கிறது. இருட்டில் நின்று அச்சுறுத்துகிற பேய் அன்று நீலி. பட்டப்பகலில் ஊர் நடுவே வந்து முறையிடுகிறவள். அவள் கையாளும் படைக்கலங்கள் கோரைப் பல்லும் விரித்த கூந்தலும் அல்ல. மனைவியின் உரிமையும், குழந்தையின் மழலையும், கண்ணீருமே. ஒழுங்கான ஊர் எவற்றை மதிக்குமோ அவற்றைக் கொண்டே அவ்வூரை வெல்கிறாள்.

அதற்கு எதிராக வணிகனிடம் என்ன இருக்கிறது? நடுக்கமும் ஒரு வாளும். அவன் உயிரைக் காக்கும் அந்த வாளே அவனைக் கொடியவனாகக் காட்டும் சான்றாகிறது. அவன் உரைக்கும் மெய், பித்தன் பேச்சுப் போல ஒலிக்கிறது. அவள் உரைக்கும் பொய்யோ குடும்பத்தின் குரலாய் ஒலிக்கிறது. அந்த அவையில் நாம் அமர்ந்திருந்தால் யாரை நம்பியிருப்போம்? இவ்வினாவுக்கு எளிய விடை இல்லாமையால்தான் ஒவ்வொரு தலைமுறையும் கதையைத் திரும்பக் கேட்கிறது.

கண்ணகியின் மறுபக்கம்

தமிழ் மரபில் அவையேறிய பெண் என்றவுடன் நினைவுக்கு வருபவள் கண்ணகி. அவளும் நீலியும் ஒரே காட்சியின் இரு பக்கங்கள் என்று தோன்றுகிறது. இருவரும் கணவனை முன்னிட்டே அவையில் நிற்கின்றனர். இருவர் கையிலும் கண்முன் காட்டும் சான்று இருக்கிறது. கண்ணகியின் சிலம்பு உடைந்து மெய்யை வெளிப்படுத்துகிறது. நீலியின் குழந்தை நடந்து பொய்யை மெய்ப்பிக்கிறது. ஒருத்தி கணவன் உயிருக்கு நீதி கேட்கிறாள். மற்றொருத்தி கணவன் எனப்பட்டவனது உயிரையே கேட்கிறாள்.

இவ்வளவு மாறுபாட்டிடையிலும் ஒன்று மாறவில்லை. இரண்டு கதைகளிலும் தவறாகத் தீர்ப்பளித்தவர் வாழ்வதில்லை. பாண்டியன் அரியணையிலேயே வீழ்கிறான்; பழையனூரார் தீயில் இறங்குகின்றனர். வஞ்சிக்கப்பட்டோம், அறியாது செய்தோம் என்று அவர்கள் கூறியிருக்கலாம்; பொற்கொல்லன் மீதோ பேய் மீதோ பழியைச் சுமத்தியிருக்கலாம். எவரும் அவ்வாறு சொல்லவில்லை. ஒருவன் உயிர் தம் சொல்லை நம்பிப் பிரிந்தது என்னும் ஒன்றே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது.

இன்னொன்றும் கருதத்தக்கது. வணிகன் அவ்வூரான் அல்லன், வழிப்போக்கன். குலமும் உறவும் அறியாத ஓர் அயலானுக்காக எழுபது குடும்பங்கள் தலைவரை இழந்தன. முற்பிறப்பில் மாண்டவளும் அயலாளே. காசியிலிருந்து, மொழி தெரியாத நாட்டுக்குக் கணவனது சொல் ஒன்றையே நம்பி வந்தவள் அவள். அவளுக்குப் பிணை நிற்க அந்நாட்டில் ஒருவரும் இல்லை. ஒரே இடத்தில், பிணை இன்றி ஓர் அயலாள் மாண்டாள். பிணை இருந்தும் ஓர் அயலான் மாண்டான். பிழைப்புக்காக நெடுந்தொலைவு வந்து வேற்று மொழி நடுவே குடியமர்ந்த நமக்கு, இக்கதையின் இப்பகுதி தஞ்சையிலும் நெல்லையிலும் கேட்பதைவிட உரத்துக் கேட்கும். வேற்றூரில் நம் சொல்லுக்குச் சான்றாக யார் நிற்பார் என்னும் கவலை, குடிபெயர்ந்த குடும்பம் எதற்கும் புதிதன்று.

மூவர் கண்ட நீலி

இத்தகைய கதையை வழிவழி வந்தோர் அப்படியே விட்டுவைக்கவில்லை. தத்தமக்கு ஏற்ற முடிவைத் தேடினர்.

சைவ மரபு எழுபதின்மரைப் பற்றிக்கொண்டது. அம்மரபில் இது பேயின் கதையன்று, வாய்மையின் கதை. தொண்டை நாட்டு வேளாளரின் பெருமையை நிறுவ அதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. ஆனால் இவ்வாறு சொல்லும்போது நீலி வெறும் வஞ்சகியாகச் சுருங்குகிறாள். காசிப் பெண்ணின் கொலை முன்கதையாய் ஒதுங்குகிறது.

சமணர் செய்தது பெரும்புதுமை. ஐஞ்சிறு காப்பியங்களுள் ஒன்றான நீலகேசியில், பழையனூர் நீலி பாஞ்சால நாட்டுக்கு, அதாவது நாம் வாழும் தில்லிக்கு அண்மைய நிலப்பகுதிக்கே, வந்துசேர்கிறாள். காளி கோயிலில் உயிர்ப்பலியைத் தடுத்த முனிச்சந்திரர் என்னும் முனிவரை விரட்டுவது அவள் வேலை. அச்சுறுத்துகிறாள், அரசகுமாரியின் உருவெடுத்து மயக்கவும் முனைகிறாள். அவையோரை வென்ற அதே உருமாற்றம் முனிவரிடம் பலிக்கவில்லை. அவள் அவர் மாணவியாகி, கொல்லாமை அறம் பூண்டு, குண்டலகேசி முதலிய பௌத்தரோடும், ஆசீவகர், சாங்கியர், வேதவாதியர், பூதவாதியரோடும் வாதிட்டு வெல்கிறாள். 1936இல் அ. சக்கரவர்த்தி, வாமன முனிவர் உரையோடு இந்நூலைப் பதிப்பித்த பிறகே தமிழுலகம் இந்த நீலியை நன்கு அறிந்தது. அழுது வழக்குரைத்தவளை அளவை நூல் கொண்டு வழக்குரைப்பவளாக்கிய அப்பெயர் தெரியாப் புலவரின் துணிவு வியக்கத்தக்கது. ஒன்றை அவர் சரியாகக் கண்டார்: நீலியின் ஆற்றல் பேயாற்றலன்று, அவையை வெல்லும் சொல்லாற்றல்.

தென்கோடியில் பாமரமக்கள் கண்ட முடிவு வேறு. குமரி, நெல்லை மாவட்டங்களின் வில்லுப்பாட்டு மரபில் கொலையுண்டவள் தாசிகுலப் பெண். நகைக்காகக் காதலனே அவளைக் கல்லால் கொல்கிறான். சாகும்போது அருகில் நின்ற கள்ளிச்செடியைச் சாட்சியாக அழைக்கிறாள் அவள். பின்னர் அதே கள்ளிதான் அவள் இடுப்புக் குழந்தையாகிறது. செவ்விலக்கியம் காணாத நுட்பம் இது. அவைக்கு வந்த குழந்தை பொய்க்குழந்தையாக இருக்கலாம். கொலையைக் கண்ட ஒரே சாட்சியும் அதுவே. அவையோர் பார்த்த சான்று பொய். பார்க்கத் தவறிய சான்றோ மெய். இம்மரபில் நீலி அழிக்கப்படுவதில்லை, இசக்கியம்மனாகக் குடிகொள்கிறாள். முப்பந்தலிலும் சிற்றூர்தோறும் கையில் குழந்தையோடு நிற்கும் இசக்கியிடம் மகப்பேறு வேண்டித் தொட்டில் கட்டுகின்றனர் பெண்கள். பழிவாங்கிய பேயிடமே பிள்ளைக்குக் காவல் கேட்கும் அம்மனம், அவள் பட்ட துயரை மறக்காத மனம்.

இம்மூன்றனுள் எது சரி என்று கேட்பதில் பயனில்லை. மூன்றும் சேர்ந்தால்தான் கதை முழுமை பெறுகிறது.

தில்லிக்கோட்டையில் ஒரு காட்சி

பேயும் பூதமும் நீதியோடு கொண்ட உறவு தமிழர்க்கு மட்டும் உரியதன்று. பகதூர்சா சாபர் சாலையை ஒட்டி நிற்கும் பிரோசுசா கோட்லாவை நம்மில் பலர் பேருந்திலிருந்து பார்த்திருப்போம். பிரோசுசா துக்ளக் 1354இல் எழுப்பிய அக்கோட்டையின் இடிபாடுகளில், வியாழக்கிழமைதோறும் மக்கள் விளக்கேற்றி, அங்கு உறைவதாக நம்பும் சின்கள் என்னும் புலப்படா உயிர்களுக்கு விண்ணப்பம் எழுதி வைக்கின்றனர். அரசு அலுவலகத்துக்கு எழுதுவது போலவே முறைப்படி எழுதி, படிகள் எடுத்து வெவ்வேறு மாடங்களில் வைப்பவரும் உண்டு. சமயவேறுபாடு அங்கே தோன்றுவதில்லை.

கோட்லாவில் மனிதர் புலப்படாதவரிடம் முறையிடுகின்றனர். பழையனூரில் புலப்படாத ஒருத்தி மனிதரிடம் முறையிட்டாள். திசை மாறினும் அடிப்படை ஒன்றே. கேட்க வேண்டியவர் கேளாத வழக்குகள் எங்கோ ஓரிடத்தைத் தேடிச் செல்கின்றன. பேய்க்கதைகளை மூடநம்பிக்கை என்று மட்டும் கூறி ஒதுக்குவோர், அவற்றுள் முடங்கிக் கிடக்கும் இவ்விண்ணப்பங்களைப் படிக்கத் தவறுகின்றனர்.

தொடரும் கதையும்

இனித் தொடங்கிய இடத்துக்கு வருவோம். அழும் பெண்ணை நம்பாதே என்பதுதான் நீலி கதையின் படிப்பினை என்று ‘நீலிக்கண்ணீர்’ என்னும் தொடர் நமக்குச் சொல்லிவந்திருக்கிறது. வீட்டிலும் பஞ்சாயத்திலும் வழக்குமன்ற வாயிலிலும் உண்மையாகவே துன்புற்ற எத்தனையோ பெண்களின் வாயை இந்த ஒரு சொல் அடைத்திருக்கிறது. வாய்மொழியாக வந்த கதைமீது அத்தொடர் செய்த அநீதி அது.

எழுபதின்மரின் பிழை, அழுதவளிடம் இரக்கம் கொண்டது அன்று. இரக்கம் கொண்டபின் விசாரணையை முடித்துக்கொண்டதே பிழை. ஒருவன் எதை அஞ்சுகிறான் என்று ஆராயாமல் அவனைக் காத்த ஒன்றைப் பறித்ததே பிழை. அதனினும் பெரிய பிழை பழையனூராருடையதன்று. அவர்களுக்கு முன்பே நிகழ்ந்தது. காசிப் பெண் உயிரோடு இருந்தபோது அவளுக்காக எந்த அவையும் கூடவில்லை. செத்துப் பேயாகிப் பொய்யுருவம் எடுத்தபிறகே அவள் அழுகையைக் கேட்க எழுபது பேர் கிடைத்தனர். அவள் கூறிய செய்தி பொய். கைவிடப்பட்டேன் என்ற துயரம் பொய்யா?

ஆகவே நம் பிள்ளைகளுக்கு இத்தொடரைக் கற்பிக்கும்போது கதையையும் சேர்த்துச் சொல்லுதல் நம் கடமையாகிறது. அதைப் பழையனூர் அவையிலிருந்து தொடங்கவேண்டா; காசியிலிருந்து, அறியாத நாட்டுக்குக் கணவனை நம்பிப் புறப்பட்ட ஒரு பெண்ணிலிருந்து தொடங்குவோம். தீயில் இறங்கிய எழுபதின்மரோடு முடிப்போம். அதன்பின் யாரை நம்புவது என்று பிள்ளைகள் கேட்பார்கள். விடை சொல்ல விரைய வேண்டா. அவையில் அமர்ந்து அவர்களே சற்று எண்ணிப் பார்க்கட்டும்.